வாசகர் கேள்விகள்: சண்டை போட்டதற்குச் சாட்சி எங்கே?

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் 77 வயது அமெரிக்கத் தாத்தா ஒருவர் தனியாக இருக்கிறார். 1969-இல் வியட்நாமில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஒரு ராத்திரி எதிரிகள் முள்வேலியைத் தாண்டி முகாமுக்குள்ளேயே வந்துவிட, பீரங்கியை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் துப்பாக்கியைத் தூக்கிச் சண்டை போட்டார்களாம். அவருக்குத் தோளில் குண்டுச் சிதறல் பட்ட தழும்பு இருக்கிறது. ஆனால் ராணுவம் கொடுத்த விடுவிப்புச் சான்றில் சண்டைக்கான பதக்கம் ஒன்றுகூட இல்லை. காலாட்படைக்காரர்கள் குத்திக்கொள்ளும் நீலத் துப்பாக்கி பேட்ஜ் தனக்கும் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார், முடியாது என்று பதில் வந்துவிட்டது. கண் சரியில்லாததால் மறுபடி எழுத என்னைக் கூப்பிடுகிறார். என்ன எழுதட்டும்?
(வாசகி, டெக்சாஸ்)

பதில்: முதலில் அந்த பேட்ஜை மறந்துவிடச் சொல்லுங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இதை யாராவது அவரிடம் நேராகச் சொல்லியிருந்தால் முதல் விண்ணப்பமே வேறு மாதிரி போயிருக்கும்.

அவர் கேட்பது கம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ். 1943-இல் வந்தது. நீலப் பட்டையில் வெள்ளித் துப்பாக்கி, சுற்றி ஓக் இலை வளையம். அதற்கு மூன்று விஷயம் பார்ப்பார்கள்: காலாட்படை அல்லது சிறப்புப் படைத் தொழில் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட யூனிட்டில் பணி செய்திருக்க வேண்டும், அந்த யூனிட் எதிரியோடு மோதியபோது இவரும் அங்கே இருந்திருக்க வேண்டும். தாத்தாவுக்கு மூன்றாவது இருக்கிறது, முதல் இரண்டும் இல்லை. அந்த ராத்திரி அவர் செய்தது காலாட்படைக்காரனின் வேலைதான், சந்தேகமே இல்லை, ஆனால் ராணுவம் பார்ப்பது ஆள் என்ன செய்தார் என்பதை அல்ல, அவர் பெயருக்கு எதிரே என்ன தொழில் எண் எழுதியிருந்தது என்பதை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ராணுவமே பிறகு இதை ஒரு மாதிரி ஒப்புக்கொண்டு, மற்ற பிரிவினருக்காக கம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ் என்று ஒன்றை 2005-இல் கொண்டுவந்தது. ஆனால் அதை 2001 செப்டம்பர் 18-க்குப் பிறகு நடந்த சண்டைகளுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். வியட்நாம் பீரங்கிக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்கள்.

அப்படியானால் என்ன கேட்பது? தோள் தழும்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே, அதுதான் விஷயம். எதிரியின் தாக்குதலில் காயம் பட்டவருக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்துக்குத் தொழில் எண் தேவையில்லை. பீரங்கிக்காரர், சமையல்காரர், டிரைவர் யாராக இருந்தாலும் சரி. மேலதிகாரி பார்த்து மனம் வைத்துக் கொடுக்கிற பதக்கமும் அல்ல அது, தகுதி இருந்தால் உரிமை. ஆனால் நிரூபிக்க வேண்டியது மூன்று: காயம் எதிரியால் வந்தது, அதற்கு ராணுவ மருத்துவர்களின் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை அரசுப் பதிவில் ஏறியது. பெரும்பாலான விண்ணப்பங்கள் மூன்றாவதில்தான் விழுகின்றன. ராத்திரி சண்டையில் படையின் மருத்துவ உதவியாளர் கட்டுப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் ஓடியிருப்பார், யார் உட்கார்ந்து எழுதுவார்கள்?

அதனால் விண்ணப்பத்துக்கு முன்னால் காகிதம் தேடுங்கள். செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவம் அனுப்பி முழுக் கோப்பின் நகலையும் கேளுங்கள், வெறும் டிடி 214 போதாது (விடுவிப்புச் சான்றுக்கு அந்தப் பெயர்தான் அங்கே எல்லோர் வாயிலும்). கோப்பில் டிஏ படிவம் 20 என்று ஒரு மஞ்சளேறிய அட்டை இருக்கும், அவர் எந்த யூனிட்டில் எப்போது இருந்தார் என்ற ஜாதகமே அதுதான். அதில் 40-ஆவது கட்டம் காயங்களுக்கானது. அது காலியாக இருந்தால், ராணுவப் பதிவுகளில் உள்ள பிழைகளைத் திருத்தும் வாரியம் முதலில் சுட்டிக்காட்டுவது அதைத்தான். வியட்நாமில் காயம்பட்டவர்களின் பட்டியல் ஒன்று உண்டு, அதிலும் பெயரைத் தேடுவார்கள்.

மருத்துவத் தாள்கள் கோப்பில் இல்லை என்றால் இரண்டு இடம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அந்தத் தாள்கள் ஆளின் கோப்பில் இல்லாமல் ஆஸ்பத்திரியின் பெயரில் தனியாக வைக்கப்பட்டிருக்கும், ஆகவே எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: அவர் எப்போதாவது முன்னாள் வீரர் நலத் துறையிடம் ஊனத் தொகை கேட்டு மனு போட்டிருந்தால், மருத்துவத் தாள்கள் அங்கே போய் அந்த மனுக் கோப்போடு தங்கிவிட்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

யூனிட்டின் தினசரிக் குறிப்புகள் மேரிலாந்தில் காலேஜ் பார்க் என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த ராத்திரி எத்தனை மணிக்கு வேலி உடைந்தது, எத்தனை பேருக்குக் காயம் என்பதெல்லாம் மணிக்கணக்கோடு எழுதியிருப்பார்கள். தாத்தாவின் பெயர் இல்லாவிட்டாலும் சம்பவம் நடந்ததற்கு அது சாட்சி. கூட இருந்தவர் உயிரோடு இருந்தால் கடிதம் வாங்குங்கள். ஆனால் 'இவர் தங்கமான மனுஷன், தைரியசாலி' என்ற கடிதத்தால் பைசா பிரயோஜனமில்லை. நான் இத்தனை அடி தூரத்தில் நின்றேன், இவர் தோளில் ரத்தத்தைப் பார்த்தேன், இன்னார் கட்டுப் போட்டார் என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். 1969-இல் அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதம் ஏதாவது பரணில் கிடந்தால், தபால் முத்திரையோடு கவரையும் சேர்த்து நகல் எடுங்கள். ஐம்பது வருடம் கழித்து எழுதிய பத்துக் கடிதத்தைவிட அந்த ஒன்றுக்கு எடை அதிகம்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு, பதிவைத் திருத்தச் சொல்லி அந்த வாரியத்துக்கு அனுப்பும் டிடி 149 படிவம். கட்டணம் கிடையாது. பிழை தெரியவந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டம், ஆனால் நீதியின் நலன் கருதி அதைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, தளர்த்தவும் செய்கிறார்கள். தாமதம் ஏன் என்று கேட்கும் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். முன்பு மறுத்ததும் இதே வாரியம்தான் என்றால் புது ஆதாரத்தோடு மறுபரிசீலனை என்று குறிப்பிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன ஆறுதல் பரிசு. வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கத் தரைப்படையினர் எல்லோருக்கும் தென் வியட்நாம் அரசின் வீரச் சிலுவை யூனிட் விருது பொருந்தும் என்று 1974-இல்தான் உத்தரவு வந்தது. தாத்தா அதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருப்பார், சான்றில் அது இருக்காது. எந்தெந்தப் போர்க் காலகட்டத்தில் அங்கே இருந்தார் என்பதற்கான வெண்கல நட்சத்திரங்களும் பலருக்கு விட்டுப்போயிருக்கும். இவற்றுக்குச் சண்டையே வேண்டாம், சரிபார்த்து டிடி 215 என்ற திருத்தத் தாளில் சேர்த்துவிடுவார்கள்.

கேள்வி: அந்த ஆவண மையமே தீப்பிடித்து எரிந்துவிட்டதாகப் படித்தேனே? பிறகு எங்கே போய்த் தேடுவது?
(வாசகர், மதுரை)

பதில்: எரிந்தது உண்மை. 1973 ஜூலை 12. ஏறத்தாழ 160 முதல் 180 லட்சம் கோப்புகள் போயின, நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை, என்னென்ன எரிந்தது என்று சொல்ல அட்டவணைகூட இல்லை. ஆனால் யாருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம், விமானப் படையில் 1947-க்கும் 1964-க்கும் இடையில் விலகியவர்களில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பிறகு அகர வரிசையில் வருபவர்களில் சுமார் 75 சதவீதம். டெக்சாஸ் தாத்தா போன்ற வியட்நாம்காரர்களின் கோப்பு இதில் இல்லை. 'தீயில் போச்சு' என்று யாராவது அவரிடம் கைவிரித்தால் நம்ப வேண்டாம்.

கேள்வி: இந்த வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ராணுவ அதிகாரிகள்தானே? தங்கள் ஆட்களின் தவறைத் தாங்களே ஒப்புக்கொள்வார்களா?
(வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: இல்லை, உறுப்பினர்கள் துறையின் சிவிலியன்கள். தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரீன்களுக்கும் சேர்த்து ஒன்று, விமானப் படைக்கு ஒன்று. 1946-க்கு முன் இந்த ஏற்பாடே கிடையாது. ஒரு சிப்பாயின் பதிவில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் அமெரிக்கக் காங்கிரஸில் அந்த ஒரு ஆளுக்காகத் தனி மசோதா போட வேண்டும். அந்தத் தலைவலி தாங்காமல்தான் வாரியத்தை உண்டாக்கினார்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வாரியம் புலனாய்வு செய்யாது. அனுப்பியதைப் படிக்கும், அவ்வளவுதான். அன்றைய பதிவு சரியாகத்தான் எழுதப்பட்டது என்ற அனுமானத்தோடு ஆரம்பிப்பார்கள், அதைக் கவிழ்ப்பது விண்ணப்பித்தவரின் பாடு. மறுத்தால் ஃபெடரல் நீதிமன்றம் போகலாம், ஆனால் நீதிபதி பதக்கம் தரமாட்டார், முடிவு எடுத்த விதம் முறையா என்று மட்டும் பார்ப்பார்.

கேள்வி: மேலதிகாரி பரிந்துரை எழுதியும் மேலே போகும் வழியில் காணாமல் போயிருந்தால்? நான் பணியில் இருந்தபோது இப்படிப் பார்த்திருக்கிறேன்.
(முன்னாள் ராணுவ வீரர், வேலூர்)

பதில்: ஐயா, உங்களுக்கு பாரிஸ் டேவிஸ் கதையைச் சொல்ல வேண்டும். சிறப்புப் படையின் கறுப்பின அதிகாரி. 1965 ஜூனில் வியட்நாமின் போங் சான் அருகே, தானே காயம்பட்டிருந்தும் வெளியேற மறுத்து, விழுந்து கிடந்த தன் ஆட்களைச் சுடும் வெளியிலிருந்து தூக்கி வந்தவர். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானருக்குப் பரிந்துரை போனது, தாள்கள் காணாமல் போயின. 1969-இல் விசாரித்து மறுபடி அனுப்பச் சொன்னார்கள், அதுவும் காணாமல் போனது. கூட இருந்த வீரர்கள் விடாமல் முட்டி மோதி, கடைசியில் 2023 மார்ச் 3 அன்று, 83 வயதில், அதிபர் பைடன் கையால் வாங்கினார். ஒரு தடவை தொலைந்தால் குமாஸ்தாவின் கவனக்குறைவு எனலாம், இரண்டாம் தடவையும் தொலைந்ததற்கு நிறம்தான் காரணம் என்று அவருடைய ஆட்கள் நினைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

வழி இருக்கிறது. வீரப் பதக்கத்துக்கான காலக்கெடு தாண்டிவிட்டாலும் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் மூலம் அனுப்பினால் அந்தப் படையின் செயலர் பரிசீலித்தே ஆக வேண்டும். அதற்கு வீரச் செயலின் விவரிப்பும் கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலமும் வேண்டும். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இதில் பெரிய கவலை.

கேள்வி: என் சம்பந்தியின் அப்பா மரீன் படையில் இருந்து இறந்துவிட்டார். வாரிசு கேட்கலாமா?
(வாசகி, கலிஃபோர்னியா)

பதில்: கேட்கலாம். மனைவி, வாரிசு, சட்டப்படியான பிரதிநிதி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், இறப்புச் சான்றை இணையுங்கள். மரீன்களுக்கு கம்பாட் ஆக்‌ஷன் ரிப்பன் என்று தனி விருது. தரைப்படையின் தொழில் எண் தொல்லை இதில் இல்லை. 1969-இல் தொடங்கியது, பிறகு 1999-இல் வந்த சட்டத்தால் 1941 டிசம்பர் 7 வரை பின்னோக்கி நீட்டினார்கள், ஆகவே அவர் இரண்டாம் உலகப் போரிலோ கொரியாவிலோ இருந்திருந்தாலும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: இவ்வளவு அலைச்சலுக்கு அந்தத் தாத்தா கடையில் ஒரு பேட்ஜ் வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்?
(வாசகர், திருச்சி)

பதில்: போலீஸ் கேட்காது. பணமோ வேறு ஆதாயமோ பெறுவதற்காகப் பதக்கம் வாங்கியதாகப் பொய் சொன்னால்தான் 2013-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், ஒரு வருடம் வரை சிறை, வெறுமனே குத்திக்கொள்வது அதில் வராது. ஆனால் அதைக் குத்திக்கொண்டு அவர் போகிற இடம் முன்னாள் வீரர்கள் கூடும் மன்றம். அங்கே காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே 'எந்த யூனிட்?' என்பதுதான். பீரங்கிப் படை என்று அவர் வாயைத் திறந்தவுடனே அந்த நீலத் துப்பாக்கி மேல் எல்லோர் கண்ணும் போய் நிற்கும்.