சிங்கப்பூரில் ஃப்ரீலான்ஸ் செய்திக் கேமராமேன் வேலையில் உண்மையான ஆபத்து எது?

செய்திக் கேமராமேன் வேலை என்றதும் கலவரம், போர் என்று பலர் பயப்படுகிறார்கள். உள்ளூரில் மட்டும் வேலை என்றால் அந்தப் பயம் வேண்டாம். இங்கே முதலில் தேய்வது தோளும் முதுகும்தான். பேட்டரி, மைக்கோடு தோள் கேமரா எட்டுப் பத்து கிலோ வரும். நீதிமன்ற வாசலில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு, ஆள் வெளியே வந்ததும் அவரைப் படம் பிடித்தபடியே பின்பக்கமாக ஓட வேண்டும். படிக்கட்டு பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

விழுந்தால் யார் பணம் கட்டுவது? வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் ஊழியர்களுக்குத்தான். ஃப்ரீலான்சர் போலச் சுயதொழில் செய்பவருக்கு இல்லை. 2025 முதல் உணவு விநியோகிப்பவர்களுக்குக்கூட அந்த அளவு பாதுகாப்பு உண்டு, நமக்குக் கிடையாது! மத்திய சேம நிதிக்கு (CPF, கட்டாயச் சேமிப்பு) முதலாளி தரப்புப் பங்கும் வராது. ஆனால் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் அந்த நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்குக் கட்டியே ஆகவேண்டும். ஆகவே சொந்த விபத்துக் காப்புறுதி, கேமராவுக்குத் தனிக் காப்புறுதி இரண்டும் எடுத்துவிடுங்கள்.

சம்பளப் பாக்கி இன்னொரு தலைவலி. வாட்ஸ்அப்பிலாவது கட்டணத்தையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். 20,000 வெள்ளி வரை சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், இரண்டு ஆண்டுக்குள்.

வெளிநாட்டு அசைன்மென்ட் வேறு கதை. 1993இல் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்திக் கேமராமேன் ரோரி பெக் ஒரு ஃப்ரீலான்சர். அவர் பெயரிலான அறக்கட்டளை இன்றும் ஃப்ரீலான்சர்களுக்கு உதவுகிறது. காப்புறுதியும் பாதுகாப்புப் பயிற்சியும் தராத நிறுவனத்துக்காக அப்படிப்பட்ட இடத்துக்கு நான் போகமாட்டேன்.