பதில்: டிசைன் சாஃப்ட்வேரில் மட்டும் சீன எழுத்து வரவில்லை

நகரி ஊரிலிருந்து கேட்ட நண்பருக்கு வணக்கம். நோட்பேடில் பின்யின் (ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டிச் சீன எழுத்தைப் பெறும் முறை) வருகிறது, விசைத்தறி டிசைன் சாஃப்ட்வேரில் மட்டும் சீன எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரவில்லை என்றால் கீபோர்டில் குறையில்லை. முதலில் ஷிஃப்டை ஒருமுறை தட்டுங்கள். தெரியாமல் ஆங்கிலத்துக்கு மாறியிருக்கலாம். அப்படியும் வராவிட்டால் விண்டோஸ் செட்டிங்ஸில் மொழி, சீனம், மைக்ரோசாஃப்ட் பின்யின், ஜெனரல் என்று போய், ஐஎம்இ-யின் (சீன எழுத்தை உள்ளிட உதவும் மென்பொருள்) முந்தைய பதிப்பைப் பயன்படுத்தும் ஸ்விட்சை ஆன் செய்யுங்கள். பழைய மென்பொருளோடு புதிய பின்யின் ஒத்துப்போகாததே பெரும்பாலும் காரணம்.

பெட்டி வந்தும் கேள்விக்குறியாக விழுந்தால் அது வேறு கோளாறு, அந்த மென்பொருளுக்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) தெரியாது. சிஸ்டம் லொகேலை, அதாவது யூனிகோடு தெரியாத மென்பொருள்களுக்கான விண்டோஸ் மொழி அமைப்பை, சீனத்துக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆனால் அதே கம்ப்யூட்டரில் பழைய தமிழ், தெலுங்கு ஃபாண்டுகளில் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) வேலையும் நடந்தால் தயவுசெய்து மாற்றாதீர்கள். அந்த ஃபாண்டுகளின் எழுத்துகள் பல 128க்கு மேற்பட்ட குறியீட்டு எண்களில் உட்கார்ந்திருக்கும். சீன லொகேல் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே சீன எழுத்தாகப் படித்துவிடும்.