கொடுக்காப்புளி போன்சாயின் வேரில் உருண்டைகள்: வெட்ட வேண்டுமா?

காட்பாடியில் நீங்கள் வளர்க்கும் கொடுக்காப்புளி போன்சாயை மண் மாற்ற எடுத்தபோது வேரெங்கும் சிறு உருண்டைகளைக் கண்டதாகவும், அவற்றை வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். கொடுக்காப்புளி அவரைக் குடும்பத்து மரம் என்பதால், காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தரும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் முடிச்சுகள் அதன் வேரில் இருப்பது இயல்பே.

ஓர் உருண்டையை விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அது வேரின் பக்கவாட்டிலிருந்து எளிதாக உதிர்ந்து, நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், உழைத்துக்கொண்டிருக்கும் நல்ல முடிச்சு. மாறாக, வேரே மணி கோத்ததுபோல் ஆங்காங்கே பருத்து, வேரை அறுக்காமல் பிரிக்க முடியாதபடி இருந்தால், வேர்முடிச்சு நூற்புழுவை (வேருக்குள் புகுந்து அதைப் புடைக்கச் செய்யும் நுண்ணிய புழு) சந்தேகிக்க வேண்டும். நண்பகலில் இலை துவள்வதும், உரமிட்டும் வெளிறுவதும் அதற்குத் துணைச் சான்றுகள். கத்தரியும் தக்காளியும் விளைந்த கொல்லை மண்ணோடு இப்புழு எளிதில் தொட்டிக்கு வந்துவிடும் (நம் பக்கத்தில் பலரும் அந்த மண்ணைத்தான் நிரப்புகிறார்கள்).

தண்டும் வேரும் கூடுமிடத்தில் சொரசொரப்பான கட்டி இருந்தால் அது அக்ரோபாக்டீரியம் என்ற, செடிகளில் கட்டி உண்டாக்கும் மண் பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைக்காமல் வேறு செடியைத் தொடாதீர்கள்.

நூற்புழுதான் என்றால், புடைத்த வேர்களை நீக்கி எரித்துவிட்டு, வேப்பம்புண்ணாக்கு கலந்த புது மண்ணில் நடுங்கள். அந்தப் புது மண்ணையும் முன்னதாக நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, வேலூரின் சித்திரை வெயிலில் 4 முதல் 6 வாரம் வைத்தெடுப்பது நல்லது.