வாசகர் கேள்வி – பதில்: ஓய்வுநாளில் அடுப்பை யார் பார்ப்பது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை களைப்பைப் பற்றியவை. காலபோக அறுவடை முடிந்த கையோடு எழுதப்பட்டவை என்பதால் அப்படி இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். வாசித்து முடித்தபோது இது வயல் தந்த களைப்பு மட்டும் அல்ல என்று விளங்கியது. ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

விசுவமடுவிலிருந்து ஒரு சகோதரி: ரீச்சர், நான் ஆடைத் தொழிற்சாலையில் திங்கள் முதல் சனி வரை வேலை செய்கிறேன். காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கவும் சமைக்கவும் பிள்ளைகளின் பாடம் பார்க்கவுமே நேரம் போதாது. ஆராதனைக்கு வந்தால் பிரசங்க நேரத்தில் நித்திரையாகிவிடுகிறேன். வராவிட்டால், "சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது" என்று மூப்பர் ஒருவர் கண்ட இடத்தில் நிறுத்திச் சொல்கிறார். நான் ஓய்வுநாள் கட்டளையை மீறுகிறேனா?

மகளே, பிரசங்கத்தில் நித்திரை கொண்டவர்களுக்கு வேதத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். துரோவா பட்டினத்தில் வாரத்தின் முதல்நாளன்று பவுல் பாதிராத்திரி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். ஏன் தூங்கினாய் என்று அவர் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆகவே, வந்து தூங்குங்கள். ஆறு நாள் தையல் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் இருந்த ஒருத்திக்குத் தேவனுடைய வீட்டில் நித்திரை வருகிறது என்றால், அங்கேயாவது அவளுடைய உடம்பு பயமில்லாமல் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இனி கட்டளைக்கு வருகிறேன். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் உள்ளன. யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு: தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5இல் காரணம் மாறுகிறது. எகிப்தில் நீங்கள் அடிமைகளாக இருந்தீர்கள் என்பதை நினையுங்கள் என்று மோசே சொல்கிறார். "நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும்" என்கிறார். எருதும் கழுதையும் வாசலில் இருக்கும் அந்நியனும்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தக் கட்டளையின் பாரம் பெரும்பாலும் வேலை வாங்குபவன் மீது விழுகிறது. ஓய்வு கிடைக்காதவளைப் பார்த்து நீ கட்டளையை மீறினாய் என்று சொல்வது, கழுதையைப் பார்த்து நீ ஏன் ஓய்வுநாளில் பொதி சுமந்தாய் என்று கேட்பதற்குச் சமம்.

ஒரு சின்னக் குறிப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலில் மகனும் மகளும் வேலைக்காரியும் இருக்கிறார்கள். மனைவி என்ற சொல் இல்லை. "நீ" என்பதற்குள் அவளும் அடக்கம் என்று விளக்கவுரைகாரர் சொல்வார்கள். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனாலும் நம்முடைய வீடுகளில் ஞாயிறு மத்தியானம் அடுப்படியில் நிற்பது யார் என்று பார்த்தால், அந்தச் சொல் விடுபட்டதை ஆண்கள் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள் என்று தோன்றும். உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வன்னியில் அதை எவரும் சட்டென்று கேட்டுவிட முடியாது. எனவே நானும் கேட்கவில்லை.

மூப்பர் சொல்வது எபிரெயர் 10:25. அதற்கு முந்தைய வசனத்தையும் அவர் சேர்த்து வாசித்திருக்கலாம்: அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி "ஒருவரையொருவர் கவனித்து" என்று அது சொல்கிறது. கவனித்திருந்தால், உங்கள் வீட்டில் ஞாயிறு காலை எத்தனை வாளி உடுப்பு ஊறுகிறது என்பது சபைக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு சபையில் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வளவிலேயே ஒரே பானையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைக்கிறார்கள். மாதர் ஐக்கியம் சமைத்தால் ஆண்கள் பாத்திரம் கழுவ வேண்டும். அடுத்த மாதம் மாறிவர வேண்டும். முதல் இரண்டு மாதம் சோறு குழைந்துபோனது, பரவாயில்லை. தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் அன்று சாப்பிட்டுவிட்டு மரநிழலில் படுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை உங்கள் மூப்பரிடம் கொடுங்கள். ரீச்சர் தரச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் சபையில் ஒரு அம்மா இருக்கிறார். அவருடைய மகனைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பின் எந்தச் செய்தியும் இல்லை. தேற்றுவதற்காக நாங்கள் வசனங்கள் சொல்வோம். கர்த்தருடைய சித்தம், இனி ஏற்றுக்கொள்ளுங்கள் என்போம். இப்போது அவர் எங்களைக் கண்டாலே ஒதுங்குகிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

தம்பி, "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பதை முதலில் நிறுத்துங்கள். அது செத்தவீட்டில் சொல்லும் சொல். அந்த அம்மாவின் வீட்டில் செத்தவீடு நடக்கவில்லை. உடல் வரவில்லை, கல்லறை இல்லை, பூப்போட ஒரு இடம் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாக உறவுகளைத் தேடும் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது அவர்கள் கேட்டது பதிலைத்தான். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாத இடத்தில், தேவசித்தத்தைக் கொண்டுவந்து பதிலாக வைக்க நமக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. அப்படி வைத்தால் அந்தத் தாயின் மனதில் தேவனும் எதிர்த்தரப்பில் போய் நின்றுவிடுவார்.

யோபுவின் சிநேகிதர்களை எல்லாரும் குறைசொல்வோம். ஆனால் அவர்கள் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள்: ஒரு வார்த்தையும் பேசாமல் இரவு பகல் ஏழு நாள் அவனோடுகூடத் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர்கள் வாய் திறந்ததிலிருந்துதான் எல்லாம் பிழையாய்ப்போனது.

புதிய ஏற்பாட்டில் ஆறுதல் என்றும் புத்தி சொல்லுதல் என்றும் ஊக்கம் என்றும் தமிழில் பலவிதமாக வருவது கிரேக்கத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான். ஒருவரைப் பக்கத்தில் அழைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். அப்போஸ்தலர் பர்னபாவுக்கு "ஆறுதலின் மகன்" என்று பெயரிட்டதும் அந்தச் சொல்லைக் கொண்டே. அவர் பேசிய பேச்சைவிட அவர் செய்த காரியங்களையே லூக்கா அதிகம் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்தார். எருசலேமில் எல்லாரும் சவுலுக்குப் பயந்து விலகியபோது அவரைத் தாமே கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலர் முன் நிறுத்தினார். பாதி வழியில் விட்டுப்போன மாற்குவை மறுபடியும் சேர்க்க வேண்டும் என்பதற்காகப் பவுலோடு முரண்பட்டுப் பிரியவும் துணிந்தார். பின்னாளில் பவுலே, ஊழியத்தில் மாற்கு எனக்குப் பிரயோசனமுள்ளவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். அந்த வரி வருவதற்கு ஒருவர் பல வருடங்களுக்கு முன் பழி சுமந்திருக்கிறார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் நான் இரண்டு நாள் எழும்பாமல் கூடாரத்துக்குள் கிடந்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வேதபாடம் படிப்பித்தவளுக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தார், என் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் வரிசையில் போய் நின்றார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாளும் அப்படியே. அவர் சைவக்காரர், எனக்குச் சொல்ல அவரிடம் வசனம் எதுவும் இருக்கவில்லை.

எனவே அந்த அம்மாவிடம் கொஞ்ச நாளைக்குப் பேசாமல் போய் உட்காருங்கள். முல்லைத்தீவுக் கச்சேரிக்கோ விசாரணைக்கோ அவர் போகிற நாளில் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு கூடப் போங்கள். மகன் பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தார், என்ன கறி பிடிக்கும் என்று அவர் சொல்ல விரும்பினால் கேளுங்கள். எத்தனை முறை சொன்னாலும் கேளுங்கள். ஞாயிறு மன்றாட்டில் அந்தப் பிள்ளையின் பெயரை, அம்மா அனுமதித்தால், வெளியே போயிருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

வற்றாப்பளையிலிருந்து: ஒவ்வொரு காலையும் எண்பது பேருக்கு வட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன். இதுவும் ஊக்குவிக்கும் ஊழியம்தானே?

அனுப்புங்கள். ரோஜாப்பூப் படங்களைச் சற்றுக் குறைக்கலாம். அதோடு நாளுக்கு ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினால், எண்பது நாளில் ஒரு சுற்று முடியும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். எல்லாருக்கும் வாழ்த்துகள் என்று ஒரே வரியில் அவர் முடித்திருக்கலாம்.

மல்லாவியிலிருந்து ஒரு குடும்பம்: நாங்கள் மெதடிஸ்தர். அயலில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா ஆலயத்துக்குப் போகும்போது எங்களையும் கூப்பிடுகிறார்கள். மீள்குடியேறிய நாளிலிருந்து ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். எங்கள் சபையில் சிலர் போகக் கூடாது என்கிறார்கள்.

நானும் மெதடிஸ்த வீட்டில் பிறந்தவள். மாதாவைப் பற்றிய போதனையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது, அதை இல்லாததுபோல நடிக்க வேண்டியதில்லை. ஆனால் மடு எப்படி உண்டானது என்பதை நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1670இல் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் தங்கின என்பது அந்த ஆலயத்தின் வரலாறு. குருமார் இல்லாத அந்தச் சனங்களிடம் 1687இல் கோவாவிலிருந்து வேடம் மாறி வந்தவர்தான் யோசேப்வாஸ் அடிகள். தடைசெய்த ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர் என்பதை மறக்க வேண்டாம். நம்முடைய மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்தது 1814இல் என்பதால் நமக்கு அதில் பங்கில்லை என்று சொல்லலாம். சொல்லும்போது சற்றுத் தலைகுனிந்து சொல்வது அழகு.

அகதிகளாக ஓடியவர்களின் ஆலயம் பிறகும் அகதிகளுக்கே பயன்பட்டது. 1990களில் பல்லாயிரம் பேர் அந்த வளவில் தஞ்சமிருந்தார்கள். அவர்கள் எந்தச் சபை என்று யாரும் கேட்டுச் சோறு போடவில்லை. 2008 ஏப்ரலில் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆவணியில் திரும்பி வந்தது. வன்னியில் இடம்பெயராதவர் எவரும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று நான் நினைப்பதுண்டு.

போய் வாருங்கள். உங்களால் மனதார ஏறெடுக்க முடியாத ஜெபத்தை ஏறெடுக்க வேண்டாம். அவர்கள் செபமாலை சொல்லும் நேரத்தில் அமைதியாகப் பக்கத்தில் இருங்கள், அல்லது அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, பல வீட்டார் ஒன்றாகச் சமைத்து, நாலைந்து நாள் கடனும் வேலையும் மறந்து கிடப்பதைப் போன்ற ஓய்வு நம் சனத்துக்கு வருடத்தில் வேறு எப்போது கிடைக்கிறது?

அக்கராயனிலிருந்து ஒரு வாலிபர்: சபையில் வாலிபர் ஐக்கியம், ஞாயிறு பாடசாலை, வெள்ளி உபவாச ஜெபம், வீடு சந்திப்பு எல்லாம் என் பொறுப்பு. ஆலயத் திறப்பும் என்னிடமே. பகலில் மேசன் வேலை. மூன்று மாதமாக எனக்கென்று ஜெபிக்க முடியவில்லை. எல்லாரையும் தேற்றுகிறேன், உள்ளே வெறுமையாக இருக்கிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

தம்பி, 1 இராஜாக்கள் 19ஐ எடுத்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கிய எலியா, சில நாளில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்தான். விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் முறையும் சாப்பாட்டுக்கு எழுப்பினான். பிரயாணம் வெகுதூரம் என்பதுதான் அவன் சொன்ன ஒரே காரணம். தேவன் பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேபில்.

அங்கேயும் எலியாவின் முறைப்பாடு உங்களுடையதைப் போலவே இருக்கிறது: நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்கிறார். ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கர்த்தர் கணக்கைத் திருத்துகிறார். எலிசாவின் பெயரையும் சொல்லி அனுப்புகிறார். களைத்தவனுக்கு வேலையைப் பங்குபோட ஆள் கொடுத்தார்.

உங்களுக்கும் ஆள் இருக்கும். ஞாயிறு பாடசாலையில் படித்து வளர்ந்த பெரிய பிள்ளைகளில் ஒருத்திக்குச் சின்ன வகுப்பைக் கொடுங்கள். பிழை விட்டாலும் விடட்டும். உபவாச ஜெபத்தை இரண்டு மாதம் வேறொருவர் நடத்தட்டும். நீங்கள் பின்வரிசையில் இருங்கள். உங்களுக்கு ஜெபம் வராவிட்டால், முன்வரிசையில் இருப்பவர்களின் ஜெபத்துக்கு ஆமென் மட்டும் சொல்லுங்கள். ஆலயத் திறப்புக்கு இன்னொரு பிரதி வெட்டி நம்பிக்கையான ஒருவரிடம் இந்த வாரமே கொடுங்கள். அந்த வெள்ளி இரவு எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள்; சனிக்கிழமை விடிந்தும் ஏன் எழும்பவில்லை என்று உங்கள் அம்மா கேட்டால், பழியை ரீச்சர் மேல் போடுங்கள்.