தேக்கடி மூங்கில் தெப்பப் பயணத்துக்கு ஒரு முழு நாளைக் கொடுக்கலாமா?

கேள்வி: தேக்கடியில் ஏரிப் படகுச் சவாரி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதே இடத்தில் காலை முதல் மாலை வரை காட்டு நடையும் மூங்கில் தெப்பமுமாக ஒரு சாகசப் பயணம் இருப்பதாக அறிகிறேன். படகைவிடப் பல மடங்கு கட்டணமும் ஒரு முழு நாளும் செலவழிக்க அது தகுமா? புலியையும் யானையையும் பார்க்க வாய்ப்பு உண்டா?

பதில்:

தாராளமாகச் செலவழிக்கலாம், விலங்குகளை எண்ணிப் பார்க்கும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதாக இருந்தால். யானையும் காட்டுமாடும் கண்ணில் பட்டால் போதும் என்பவருக்குக் கோடைக்காலத்துக் காலைப் படகே ஏற்றது. எஞ்சின் சத்தத்துக்குப் பழகிப்போன விலங்குகள் கரையில் மேய்வதை உட்கார்ந்த இடத்திலிருந்தே காண முடியும், கால் நனையாது, அட்டையும் கடிக்காது. முழு நாள் பயணத்துக்கு நாம் கொடுக்கும் பணம், காட்டைப் படிக்கத் தெரிந்த மனிதர்களின் பின்னால் ஒரு பகல் முழுவதும் நடப்பதற்கான பணம் என்றே நான் கருதுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் வசிப்பவன் என்பதால், விடுமுறைக்கு வரும் உறவினர்களோடு இந்தப் பயணம் போய்வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரள வனத்துறை பெரியாறு புலிகள் காப்பகத்தில் நடத்தும் சூழல் சுற்றுலாத் திட்டங்களில் இதுவும் ஒன்று. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணியளவில் முடியும். ஒரு நாளைக்குப் பத்துப் பேரைத்தான் அனுமதிப்பார்கள். அவர்களோடு வழிகாட்டிகளும், துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் வருவார்கள். காலைச் சிற்றுண்டியையும் மதிய உணவையும் அவர்களே சுமந்து வருவதால் நீங்கள் தண்ணீரை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும். கிளம்புவதற்கு முன் முழங்கால் வரை ஏறும் கெட்டித் துணியாலான அட்டை உறையை எல்லோருக்கும் மாட்டிவிடுவார்கள். அதன் பிறகு, ஏரியின் ஒடுங்கிய கால்வாய் போன்ற பகுதியைக் கயிற்றைப் பிடித்து இழுக்கும் சிறு தெப்பத்தில் கடந்து மறுகரையில் இறங்கினால் காடு தொடங்கிவிடுகிறது. அந்தக் கரையிலிருந்து பெரிய தெப்பம் கட்டிவைத்திருக்கும் இடம் வரை நடை, பிறகு ஏறத்தாழ மூன்று மணி நேரம் தண்ணீரில், நடுவே ஒரு கரையில் சாப்பாடும் ஓய்வும், மீண்டும் நடை.

இந்த நாளின் சாரம் அந்த வழிகாட்டிகளிடம்தான் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை இந்தக் காட்டின் பெரிய தலைவலிகளில் ஒன்று வயனா மரத்தின் பட்டை திருட்டு. வயனா என்பது காட்டு லவங்கப்பட்டை; கடையில் கிடைக்கும் பட்டைக்குப் பதிலாகவும் அதில் கலக்கவும் அது பயன்பட்டது. தேக்கடியை ஒட்டிய குமுளிச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் கூட்டமாகக் காட்டுக்குள் புகுந்து, நாள்கணக்கில் தங்கி, மரத்தை உரித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். வழக்கு, கைது, தலைமறைவு என்று அவர்கள் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. 1996 வாக்கில் உலக வங்கி உதவியுடன் சூழல் மேம்பாட்டுத் திட்டம் இங்கே வந்தபோது, வனத்துறை அதிகாரிகள் இவர்களோடு பேசி, வழக்குகளிலிருந்து விடுவித்து, காட்டைக் காப்பதும் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்வதுமே தொழில் என்று மாற்றிவிட்டார்கள். மரம் எங்கே நிற்கிறது, யானை எந்தத் தடத்தில் வரும், கள்ளத்தனமாக நுழைபவன் எங்கே பதுங்குவான் என்பதெல்லாம் அவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? இவர்களோடு, தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் வாழ்ந்து, பிறகு குமுளியை ஒட்டிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட மன்னான், பளியர் சமூகத்து இளைஞர்களும் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். மன்னான்களின் பேச்சு தமிழோடு நெருக்கமானது. நம்மவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

ஒருமுறை எங்களோடு வந்த மூத்த வழிகாட்டி ஒருவர், பாதையோரம் நின்ற மரத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் மைத்துனரின் மூக்கருகே நீட்டினார். பிரியாணிக் கடை வாசலில் நிற்பது போன்ற மணம். "இதுக்குத்தான் சார் ஒரு காலத்துல ராத்திரியெல்லாம் ஓடுனோம்" என்றார். "அண்ணே, இப்ப யாராச்சும் உரிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று என் மைத்துனர் கேட்டார். "புடிச்சுக் குடுப்போம். விட்டா அடுத்த வருசம் உங்களுக்குக் காட்ட மரம் இருக்காதே" என்று சொல்லிவிட்டு அவர் மேலே நடந்தார். இப்படிப்பட்டவர்கள் நின்று காட்டும் இடங்களில் நீங்களும் நில்லுங்கள். யானைச் சாணியைக் காலால் புரட்டி, உள்ளே ஈரமும் சூடும் இருக்கிறதா என்று பார்த்து, கூட்டம் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்வார்கள். ஆளுயரத்துக்கு மேல் மரப்பட்டையில் காய்ந்திருக்கும் சேறு, யானை முதுகைத் தேய்த்த அடையாளம். புலியின் எச்சத்தில் மிளா மானின் மயிர் தெரியும். மரத்தில் நகம் பதித்த கீறலைக் காட்டி, அதன் ஓரம் இன்னும் பழுப்பேறவில்லை, புதியது என்பார்கள். புலியைப் பொறுத்தவரை பெரும்பாலானோருக்குக் கிடைப்பது இந்த அளவுதான். புலியைப் பார்த்தே தீரவேண்டும் என்பவர்கள் நாகரகொளே, பந்திப்பூர் பக்கம் ஜீப் சவாரிக்குப் போவது நல்லது.

நடையின்போது பேச்சைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதை ஒரு சடங்காக எண்ணிவிடாதீர்கள். யானை அருகில் இருப்பதை அவர்கள் பெரும்பாலும் காதால்தான் கண்டுபிடிக்கிறார்கள். மூங்கில் முறியும் சத்தம், அல்லது கருமந்திக் குரங்கு ஒன்று தொண்டையைச் செருமுவது போல் விட்டுவிட்டுக் கத்துவது. கையை உயர்த்தினால் பத்துப் பேரும் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். செல்பேசியை எடுத்துக்கொண்டு இரண்டடி முன்னே போய்ப் படம் எடுக்க முயலும் ஆளால்தான் முழுக் கூட்டமும் சுற்றுப்பாதையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நடக்க நேர்கிறது.

தெப்பம் என்றதும் ரிஷிகேசத்து ராஃப்டிங்கை நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். இங்கே வெள்ளப்பாய்ச்சல் கிடையாது, தேங்கிய நீர். நீளமான மூங்கில்களை இணைத்துக் கட்டி, மேலே மூங்கிலாலேயே இருக்கை அமைத்திருப்பார்கள். மூங்கில்களின் இடுக்கு வழியே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் பாதம் நாள் முழுவதும் ஈரமாகத்தான் இருக்கும். துடுப்பு போட உங்களுக்கும் ஒரு முறை கிடைக்கும்; கால் மணி நேரத்தில் தோள் வலிக்கத் தொடங்கியதும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். எஞ்சின் இல்லாததன் அருமை அப்போதுதான் தெரியும். நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையில் மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்னும்போது முள் நொறுங்கும் சத்தத்தைக்கூடத் தெப்பத்திலிருந்து கேட்டிருக்கிறேன்.

ஏரி முழுவதும் நட்டுவைத்ததுபோல் கரிய மரக்கட்டைகள் நிற்கும். அவை 1895-இல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் மரங்கள். நூற்றாண்டு கடந்தும் அழியாமல் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கும்; பாம்புத்தாராவின் கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே நெளிந்து செல்லும். 1886-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படியும் மின்சாரத்துக்கான 1970-ஆம் ஆண்டு துணை ஒப்பந்தத்தின்படியும் இந்த நீர் சுரங்கம் வழியே மலையைத் துளைத்துக்கொண்டு நம் பக்கம் வந்து, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்து, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் தொடங்கி இராமநாதபுரம் வரை பாய்கிறது. குமுளி மலைச்சாலையில் ஏறும்போது பக்கத்தில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் தெப்பத்தில் மிதப்பது அந்தக் குழாய்க்குள் போகவிருக்கும் தண்ணீரின் மேல்தான்.

எப்போது வருவது என்பதும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்த விஷயம். தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஏரி ஏறும். கரைப் புல்வெளி மூழ்கிவிட, காட்டுக்குள்ளேயே நீர் கிடைப்பதால் விலங்குகள் வெளியே வரத் தேவை இருக்காது. பாசனத்துக்கு நீர் எடுத்து மட்டம் இறங்க இறங்கக் கரையில் சேறு வெளிப்பட்டு இளம்புல் முளைக்கும். மாசி, பங்குனியில் யானைக் கூட்டங்கள் அந்தப் புல்லுக்காக இறங்கி வருகின்றன. ஆனால் அப்போது வெயில் கடுமை. தெப்பத்தில் நிழல் கிடையாது. காட்டுத்தீ அபாயம் அதிகமானால் நடைப்பயணங்களை நிறுத்திவிடுவதும் உண்டு. நடையின் சுகத்துக்கு மார்கழியும் தையும்தான் என் தேர்வு. பசுமைக்காக ஆடியில் வருகிறேன் என்பவர்கள் அட்டையோடு சமரசம் செய்துகொண்டுதான் வரவேண்டும்.

அட்டையைப் பற்றி அளவுக்கு மீறிய பயம் தேவையில்லை. நடைபாதையின் ஈரச் சருகுகளில் நூல் போல் எழுந்து நின்று, இரு முனையாலும் மாறி மாறிப் பற்றி ஏறும். உறையின் மேல் புகையிலைத்தூளோ உப்போ தூவிவிடுவார்கள். அதையும் மீறி இடுப்புப் பக்கம் ஒன்றிரண்டு ஏறிவிடும். கடி வலிக்காது, இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது உமிழ்வதால், விழுந்த பிறகும் சிறிது நேரம் கசிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். பிடித்திருக்கும்போது வெடுக்கென்று பிய்க்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது.

பாதுகாப்பைக் குறித்துச் சிலர் தயங்குவதில் நியாயம் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். தெப்பத்தில் லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகுதான் ஏற விடுவார்கள். புழுக்கமாக இருக்கிறது என்று நடுவில் கழற்றாதீர்கள். படம் எடுப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதையும் தவிருங்கள். இடியும் காற்றும் வந்தால் வழிகாட்டிகள் கரையேற்றிவிடுவார்கள். கொடுத்த காசுக்கு முழு நேரமும் மிதக்கவேண்டும் என்று அவர்களோடு வாதிடாதீர்கள்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளை, சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. மெல்லிய முழுக்கால் சட்டை போதும். வாசனைத் திரவியம் தவிருங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது என்பதை, குறிப்பாகப் பெண்களை அழைத்துவருபவர்கள், முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பலரும் இதை மறைத்து அழைத்துவந்து அன்றைய நாளைக் கெடுத்துவிடுகிறார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும், முட்டிவலி உள்ள பெரியவர்களையும் அழைத்துவரவேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுக்குப் படகுதான் சரி. அல்லது, காலில் தெம்பு இருந்து நேரம்தான் இல்லை என்றால், மூன்று மணி நேரத்துக்குள் முடியும் காட்டு நடை ஒன்றும் உண்டு. இதற்கு நேர்மாறாக, இன்னும் கடினமாக வேண்டும் என்பவர்கள் தமிழ்நாட்டு எல்லையோர மலைமுகட்டில் நடக்கும் முழு நாள் நடையைத் தேர்ந்தெடுக்கலாம். மேலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து தெரியும், ஆனால் ஏற்றம் மூச்சு வாங்கவைக்கும்.

இடம் குறைவு என்பதால் வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். அன்றைய கட்டணமும் வயது வரம்பும் அங்கேயே இருக்கும். குமுளிக் கடைத்தெருவில் "தெப்பத்துக்கு இடம் பிடித்துத் தருகிறேன்" என்று அணுகும் தரகர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மதுரையிலிருந்து அதிகாலையில் காரை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. தூக்கமில்லாத உடம்போடு நாள் முழுவதும் நடப்பது சிரமம், முதல் நாள் இரவே குமுளியில் தங்கிவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளால் மலைச்சாலை நெரிசலாகி, குமுளிக்கு ஏறும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியே திருப்பிவிடுவார்கள். அந்த மாதங்களில் வருவதாக இருந்தால் தங்கும் அறையைத் தெப்பத்தின் முன்பதிவுக்கும் முன்னதாகவே உறுதிசெய்துகொள்ளுங்கள்.