ஓடும் நீரில் மீனுக்குத் தீனி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடல்நீர்த் தொட்டிக்கான கருவிகளை வாங்குவது பற்றிச் சென்ற மாதம் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: பவளத்துக்காக நீரை வேகமாக ஓடவிட்டால், மீனுக்குப் போடும் தீனி அதன் வாய்க்கு எட்டுவதில்லை. அவற்றில் சிலவற்றைச் சுருக்கித் தந்து பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான்கடித் தொட்டியில் இரண்டு வேவ்மேக்கர்கள் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்புகள்) ஓடுகின்றன. தீனி போட்ட அரை நிமிடத்தில் எல்லாம் ஓவர்ஃப்ளோ (மேல்மட்ட நீர் வழிந்து கீழே இறங்கும் வாய்) வழியாகப் போய்விடுகிறது. இன்னும் அதிகமாகப் போடும்படி கடைக்காரர் சொல்கிறார். (பட்டர்வொர்த்)

பதில்: அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். கூடுதலாகப் போடும் தீனியும் அதே வழியில்தான் போகும். சம்ப் என்னும் கீழ்த்தொட்டியில் உள்ள வடிகட்டிப் பையில் தங்கி அழுகி, நீரில் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கூட்டி, சில வாரங்களில் கண்ணாடியெங்கும் பாசி படர வழிசெய்யும்.

தீனி போடும் பத்து நிமிடத்துக்கு நீரை நிறுத்துங்கள். முதலில் வேவ்மேக்கர்களையும் அடுத்து, சம்ப்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப்பையும் நிறுத்த வேண்டும். ரிட்டர்ன் பம்ப் நின்றதும் தொட்டியின் மேல்மட்ட நீர் சம்ப்புக்கு இறங்கி அங்கே மட்டம் உயரும் என்பதால், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் சேர்த்து நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் கோப்பை நிரம்பி வழியும். அப்படி இறங்கும் நீரைக் கொள்ளச் சம்ப்பில் இடம் இருக்கிறதா என்பதை, நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பகல் பொழுதில் நிறுத்திப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உறைந்த மைசிஸ் இறால் போடுவதாக இருந்தால், ஒரு கட்டியைக் குவளையில் எடுத்த தொட்டி நீரில் கரையவிட்டு, தேநீர் வடிகட்டியில் ஊற்றிக் கலங்கல் நீரை நீக்கிவிட்டு, இறாலை மட்டும் நீண்ட பிப்பெட்டில் உறிஞ்சி, ஒதுங்கி நிற்கும் மீனின் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் மீண்டும் இயக்குவதற்குக் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் நீரில் கரையும் உயிர்வாயு குறைவு என்பதால், நெடுநேரம் நிறுத்தி வைக்கக் கூடாது. தனித்தனிச் சுவிட்சு இல்லாத மலிவான எக்ஸ்டென்ஷன் ஒன்றை வாங்கி எல்லாக் கருவிகளையும் அதில் செருகியிருந்த நான், ஓர் இரவு தீனி போடுவதற்காக மொத்தத்தையும் நிறுத்திவிட்டு மறந்து தூங்கிவிட்டேன். காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு கோமாளி மீன் பாறை இடுக்கில் இறந்து கிடந்தது. அன்றே ஒவ்வொரு பிளக்குக்கும் தனிச் சுவிட்சு உள்ள, சிரிம் தர முத்திரை பெற்ற எக்ஸ்டென்ஷன் வாங்கினேன். இப்போது மற்றவை நின்றாலும் காற்றுப் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: மிதக்கும் தீனி வளையம் பயன்படுமா? (பாயான் லெப்பாஸ்)

பதில்: மிதக்கும் பெல்லட்டுக்கு (உருண்டைத் தீனி) மட்டும் பயன்படும். ஓவர்ஃப்ளோவுக்கு எதிர்ப்பக்கக் கண்ணாடியில் ஒட்டுங்கள்.

கேள்வி: இணையத்தில் வேவ்மேக்கர் வாங்கினேன். ஒரு பொத்தானை அழுத்தினால் தீனி நேரத்துக்குப் பத்து நிமிடம் நின்று தானாக மீண்டும் ஓடும் என்று விளம்பரத்தில் இருந்தது. வந்த பெட்டியில் அந்தப் பொத்தான் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியே இல்லை. விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று விற்பனையாளர் சொல்லிவிட்டார். நான் ஏமாந்துவிட்டேனா? (புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அம்மா. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. விளம்பரத்தைப் படித்து, உங்களுக்கு எது தேவை என்று தெரிந்து, சரியான கருவியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். விற்கும் பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உத்தரவாதம். திரும்பப் பெறுவதில்லை என்று ஒரு வரி எழுதிவைப்பதால் விற்பனையாளர் அதிலிருந்து விலகிவிட முடியாது.

பொருள் கிடைத்ததாக உறுதிசெய்யும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்றால் அழுத்தாமல், அந்த விற்பனைத் தளத்திலேயே முதலில் புகார் செய்யுங்கள். விளம்பரப் பக்கம், பணம் கட்டிய சீட்டு, விற்பனையாளரின் பதில், திறந்த பெட்டி ஆகிய நான்கையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விளம்பரம் நாளைக்கே மாற்றப்படலாம். பணம் திரும்ப வராமல், விற்பனையாளரின் முகவரியும் இந்நாட்டில் இருந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யுங்கள். கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று மெண்டரின் மீன் வாங்கினோம். தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. பெல்லட்டைத் தொடுவதே இல்லை. நீரோட்டம் அதிகம் என்பதாலா? (தஞ்சோங் தோக்கோங்)

பதில்: நீரோட்டம் காரணமில்லை. பாறைகளில் ஊரும் கோப்பிபாட் என்னும் மிகச் சிறிய உயிரினங்களை நாள் முழுவதும் கொத்தித் தின்று வாழும் மீன் அது. இரண்டே மாதம் ஆன தொட்டியில் அவை போதுமான அளவு பெருகியிருக்காது. பணம் கொடுப்பதற்கு முன் இந்த மீன் என்ன சாப்பிடும் என்ற ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்து உயிரை வாங்குகிறவர்களின் கடிதங்கள் எனக்குத் தொடர்ந்து வருகின்றன; ஒவ்வொன்றிலும் மீன் பட்டினி கிடக்கிறது. வயிறு உள்ளே ஒட்டிப்போவதற்குள் அதைக் கடையிலோ, பல ஆண்டுகள் பழைய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படைத்துவிடுங்கள். இனி எந்த மீனை வாங்கினாலும் உங்கள் கண்முன்னால் தீனி போடச் சொல்லி, அது வாயில் வாங்கி விழுங்குவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கடைக்காரர் மறுத்தால் மீன் வேண்டாம்.

கேள்வி: பெரிய மூட்டையைப் பிரித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்கும் பெல்லட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஜெலுத்தோங்)

பதில்: வாங்காதீர்கள். இதைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இன்னொரு முறையும் சொல்கிறேன்.

அந்தப் பையில் தயாரித்த நாள் இல்லை, காலாவதி நாள் இல்லை, என்னென்ன சேர்த்தது என்ற விவரம் இல்லை. மூட்டை எப்போது திறக்கப்பட்டது, எத்தனை மாதம் கடையின் புழுக்கத்தில் கிடந்தது என்பதை நீங்கள் அறிய வழியே இல்லை. பெல்லட்டில் மீன் எண்ணெய் இருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் அது சிக்குவாடை பிடிக்கும், வைட்டமின் சத்தும் குறைந்துபோகும். நானே ஒருமுறை அரைக் கிலோ வாங்கினேன். வீட்டில் பையைத் திறந்தபோது பழைய எண்ணெய் நாற்றம் வந்தது. இரண்டு உருண்டைகளை விரலிடையில் வைத்து அழுத்தினேன். அவை தூளாகி, உள்ளங்கையில் மஞ்சள் கறையாக ஒட்டிக்கொண்டன. நீர் வேகமாக ஓடும் தொட்டியில் அந்தத் தூள் எந்த மீனின் வாய்க்கும் போகாது. அது நேராக வடிகட்டிக்குப் போகும், நீங்கள் கொடுத்த பணமும் அதனுடன் போகும்.

ஓட்டமுள்ள தொட்டிக்கு ஏற்றது, உங்கள் மீனின் வாயளவுக்குப் பொருந்தும், கெட்டியான, மெதுவாக மூழ்கும் பெல்லட். தயாரிப்பாளரே மூடிய சிறிய டப்பாவாக, இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும் அளவில் வாங்கி, திறந்த நாளை மூடியின்மேல் எழுதி வையுங்கள். உறைந்த தீனியையும் இதே கண்ணோடு பாருங்கள். தட்டில் உள்ள ஒவ்வொரு கட்டியும் விளிம்பு கூர்மையாகத் தனித்தனியே நிற்க வேண்டும்; உருகி ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பக்கம் சரிந்து, மேலே பனி படிந்திருந்தால் அது ஒருமுறை கரைந்து மீண்டும் உறைந்தது. ஜார்ஜ்டவுனில் வாங்கிப் பினாங்குப் பாலம் கடந்து போகிறவர்கள் பனிக்கட்டிப் பெட்டியைக் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி: டேங் மீனுக்கு, மனிதர்கள் சாப்பிடும் நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்) போதுமா? (சுங்கை ஆரா)

பதில்: எண்ணெயும் உப்பும் மசாலாவும் சேர்க்காததாக இருந்தால் போதும். காந்தக் கிளிப்பில் செருகி, ஓட்டம் நேரடியாகப் படாத மூலையில் மாட்டுங்கள்.

கேள்வி: 200 லிட்டர் தொட்டி. மென்பவளம் மட்டும். கடையில் இருப்பதிலேயே பெரிய வேவ்மேக்கரை வாங்கும்படி சொல்கிறார்கள். (ஆயர் ஈத்தாம்)

பதில்: தேவையில்லை. மென்பவளத்துக்கு மணிக்குத் தொட்டி அளவைப் போல் பத்து முதல் இருபது மடங்கு ஓட்டம் என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு 2,000 முதல் 4,000 லிட்டர். முப்பது மடங்குக்கு மேல் கேட்பது கிளைவிடும் கடினப் பவளங்கள். பெட்டியில் உள்ள எண் லிட்டரா கேலனா என்று பார்த்து வாங்குங்கள். ஓர் அமெரிக்கக் கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர். வேகத்தைக் குறைக்கவும் தீனி நேரத்தில் நிறுத்தவும் வசதியுள்ள நடுத்தரக் கருவி, ஒரே வேகத்தில் ஓடும் பெரிய கருவியைவிட நல்லது.

கேள்வி: ஆந்தியாஸ் மீன் ஆறு வாங்க நினைக்கிறேன். வேலை காரணமாக நாளுக்கு ஒருமுறைதான் தீனி போட முடியும். (நிபோங் திபால்)

பதில்: போதாது. நாளுக்கு மூன்று முறையாவது சிறிது சிறிதாகப் போட வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஓட்டத்தில் வரும் இரையைப் பிடித்துத் தின்னும் மீன் அது; ஆகவே ரிட்டர்ன் பம்ப்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்திவிட்டு, வேவ்மேக்கரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுத் தீனி போடுங்கள்.