படம் மோசமா, ஸ்கேன் மோசமா? ஃபிலிம் கேமராக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: அப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 கேமராவில் கோடக் கோல்டு 200 ரோல் போட்டு எடுத்தேன். லேபில் கழுவி, ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். நண்பர்கள் குழுவில் போட்டால், "நிழல் எல்லாம் பச்சை, புள்ளி புள்ளியாக ஒரே குருணை, வெளிச்சம் போதாத அண்டர் எக்ஸ்போஸ்" என்று கிழித்துவிட்டார்கள். லேபில் கேட்டால் "நீங்கள் எடுத்தது அப்படி" என்கிறார்கள். யார் சொல்வது சரி? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: பணத்தைக் கேட்பதற்கு முன் நெகட்டிவைக் கேளுங்கள். ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க முடியாது. நொரிட்சு, ஃபிரான்டியர் போன்ற லேப் ஸ்கேனர்கள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சத்தையும் நிறத்தையும் தாமாகவே கணக்கிட்டு மாற்றும். அதற்கு மேல், இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவரின் கைப்பக்குவம். ஒரே நெகட்டிவை இரண்டு லேபில் கொடுத்தால் இரண்டு விதமாக வரும். உங்கள் நண்பர்கள் கிழித்ததில் எவ்வளவு உங்களுக்குச் சேர வேண்டியது, எவ்வளவு ஸ்கேன் செய்தவருக்கு என்பது நெகட்டிவைப் பார்த்தால்தான் தெரியும்.

பார்ப்பது கடினமில்லை. போனில் வெறும் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, அதற்குச் சற்று மேலே நெகட்டிவைப் பிடியுங்கள். முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் ஃபிரேம் எண்களும் அங்கே இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை; உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கழுவும்போதுதான் வெளியே தெரியும்.

ஓர எழுத்துகள் அடர்த்தியாக, பளிச்சென்று இருந்து, படம் மட்டும் வெளிறிக் கிடந்தால், கழுவியதில் குறையில்லை; கேமராவில் வெளிச்சம் போதவில்லை. லேப் சொல்வது சரி. ஓர எழுத்துகளும் மங்கலாக இருந்தால், படத்தை வெளிக்கொண்டுவரும் கெமிக்கலான டெவலப்பரில் கோளாறு. கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸ், நேரம் 3 நிமிடம் 15 வினாடி. கெமிக்கல் பழசாகிப்போனாலோ சூடு குறைந்தாலோ எழுத்துகளே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது ஒன்று உண்டு: எழுத்தும் நன்றாக இருக்கிறது, படத்தின் நிழல் பகுதியிலும் விவரம் நன்றாகப் பதிந்திருக்கிறது, ஆனால் ஸ்கேனில் பச்சையடிக்கிறது. அப்படியானால் கோளாறு ஸ்கேனில்தான். மறு ஸ்கேன் கேளுங்கள். நல்ல லேப் முகம் சுளிக்காமல் செய்து தரும்.

நீங்கள் எழுதியிருக்கும் பச்சை நிழலும் குருணையும் பெரும்பாலும் முதல் வகையில்தான் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கே1000-இல் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கென்று தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி தீர்ந்துவிடும். ஷட்டர் மெக்கானிக்கல் என்பதால் பேட்டரி செத்தாலும் கேமரா "கிளிக்" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கும்; வெளிச்சத்தை அளக்கத்தான் ஆளிருக்காது. புது எல்ஆர்44 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டு, பகல் வெளிச்சத்தில் மீட்டர் முள் அசைகிறதா என்று பாருங்கள். செலவு சொற்பம்.

கேள்வி: லேபில் ஸ்கேன் மட்டும் மெயிலில் வந்தது. நெகட்டிவ் கேட்டால், "ஒரு மாதம்தான் வைத்திருப்போம், எறிந்துவிட்டோம்" என்கிறார்கள். ஒரு படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட வேண்டும். கைவசம் இருக்கும் ஃபைல் 1800க்கு 1200 பிக்சல். போதுமா? எறிந்ததற்கு ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: போதாது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1800க்கு 1200 என்பது 4க்கு 6 பிரிண்டுக்குத்தான் சரியாக வரும். உங்கள் அளவுக்கு 5400க்கு 3600 வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதுதான் என்றால் 3600க்கு 2400 வைத்துச் சமாளிக்கலாம். கம்ப்யூட்டரில் ஃபைலை ஊதிப் பெரிதாக்கினால் பிக்சல்தான் கூடும், ஃபிலிமில் இருந்த விவரம் வராது.

நெகட்டிவ் உங்கள் சொத்து. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஃபிலிம், நீங்கள் எடுத்த படம். ஒரு மாதக் கெடுவைப் பில்லிலோ கவுன்டரிலோ முன்கூட்டியே சொல்லியிருந்தார்களா என்பதுதான் இங்கே முக்கியம். சொல்லாமல் எறிந்திருந்தால் அது சேவைக் குறைபாடு. முதலில் லேபுக்கு எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியது எதற்கும் உதவாது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. இணையத்திலேயே பதியலாம்.

ஆனால் ஒன்று. பல லேப்கள், "ரோல் தொலைந்தாலோ கெட்டாலோ புது ரோல் ஒன்று மட்டும் தருவோம்" என்று பில்லின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அப்படி அச்சடித்துவிட்டதாலேயே எல்லாப் பொறுப்பும் போய்விடாது. அதற்காகக் கல்யாண ரோல் அளவுக்கு நஷ்டஈட்டை எதிர்பார்த்தும் இறங்காதீர்கள்.

அடுத்த முறை ரோலைக் கொடுக்கும்போதே கவரின் மேல் "நெகட்டிவ் திரும்ப வேண்டும்" என்று எழுதி, அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என்ன பிக்சல் அளவில் ஸ்கேன் தருவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். "ஹை ரெசல்யூஷன்" என்று பொதுவாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எண் வேண்டும்.

கேள்வி: டப்பா இல்லாமல், ஸ்டிக்கர் ஒட்டிய "சினிமா ஃபிலிம்" ரோல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? நான் வழக்கமாகக் கொடுக்கும் லேபில் கழுவ மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகர், சென்னை

பதில்: மறுப்பவர் விவரம் தெரிந்தவர். அது பெரிய சுருளிலிருந்து வெட்டிப் பழைய குப்பியில் சுற்றியது. கோடக் விஷன்3 போன்ற சினிமா ஃபிலிமின் பின்புறம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருந்தால், சாதாரண மினிலேப் இயந்திரத்தில் அது கரைந்து கெமிக்கலைப் பாழாக்கி, அடுத்தவர் ரோலிலும் ஒட்டும். விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த ஃபிலிம், ரெம்ஜெட் இருக்கிறதா, யார் கழுவித் தருவார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். குப்பியில், ஃபிலிமின் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறனை) கேமராவுக்குச் சொல்லும் டிஎக்ஸ் கோடு இல்லாவிட்டால் ஆட்டோமேட்டிக் கேமராக்கள் பல, ஐஎஸ்ஓ 100 என்றே எடுத்துக்கொள்ளும். வேறு ஃபிலிமின் குப்பியாக இருந்தால் அந்தப் பழைய கோடைப் படித்து ஏமாறும்.

ரெம்ஜெட் நீக்கி விற்கும் சினிஸ்டில் 800டி-யில் தெருவிளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும். குழுவில் யாராவது அதைத் தப்பு என்று சொன்னால் விட்டுவிடுங்கள், அந்த ஃபிலிமின் குணமே அது.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த "இந்து" கறுப்பு வெள்ளை ரோல்களும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. ஆலை மூடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அலமாரியில் வைக்க ஆசை என்றால் வாங்குங்கள், படம் எடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் கழுவக் கொடுத்த ரோலிலிருந்து ஒரு படத்தை, லேப் தன் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போலப் போட்டிருக்கிறது. என் பெயர்கூட இல்லை.
– வாசகி, மதுரை

பதில்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்துக்கு ஆசிரியர் அதை எடுத்தவர். கழுவியதாலோ ஸ்கேன் செய்ததாலோ லேபுக்கு உரிமை வராது. எடுக்கச் சொல்லி எழுதுங்கள். பெயர் போட்டால் போதும் என்றால் அப்படியே கேளுங்கள். அதற்கு முன் அவர்களுடைய ஆர்டர் படிவத்தில் "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்" என்ற கட்டத்தில் நீங்களே டிக் போட்டிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கட்டணம் வாங்கிக்கொண்டு நம் ஃபிலிம் படங்களை விமர்சித்துத் தருகிறார்கள். பணம் கட்டலாமா?
– வாசகர், சேலம்

பதில்: என்ன அனுப்பச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். "பிடித்த பத்து படம் ஜேபெக்கில்" என்றால், அந்த வேலையை நண்பர்கள் குழு இலவசமாகவே செய்துவிடும். ரோல் முழுவதையும் காண்டாக்ட் ஷீட்டாக (எல்லா ஃபிரேமும் சிறிதாக ஒரே தாளில்) கேட்டு, நெகட்டிவையும் பார்க்கிறேன் என்று சொல்பவர் என்றால் கட்டலாம். 36 ஃபிரேமில் எதை எடுத்தீர்கள், எதற்கு இரண்டாவது ஷாட் அடித்தீர்கள், எதைத் தவறவிட்டீர்கள் என்பது அதில்தான் தெரியும். முதலில் ஒரே ஒரு ரோலுக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். ஆண்டுச் சந்தா வேண்டாம்.